டிசிஎஸ்ஸா, இன்ஃபோசிஸ்ஸா, விப்ரோவா? கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகளை ஒப்பிட்டு வாங்க முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், யாராவது ஒருவர் போனில் டிமேட் கணக்கு (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) திறப்பார், அவரைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் நாலு பேர் திறப்பார்கள். நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் என்பதால் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். "தம்பி, டிசிஎஸ் வாங்கவா, இன்ஃபோசிஸ் வாங்கவா? விப்ரோ 250 ரூபாதானே, சீப்பா கிடக்கே, அதையே போட்டுருவமா?"

கேட்பதில் தப்பில்லை. தேடும் வரிசைதான் தலைகீழாகிவிடுகிறது. ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படுவது விலை, பச்சையா சிவப்பா என்கிற நிறம். அங்கே ஆரம்பித்தவர்கள் அதற்குப் பிறகு பார்ப்பதையெல்லாம் அந்த விலைக்கு நியாயம் தேடித்தான் பார்க்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் விலை எட்டாவது படியில்தான் வரும். அதுவரை ஆப்பைத் திறக்காதீர்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பணத்திலிருந்து தொடங்குவோம். ஐந்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத பணமாக அது இருக்க வேண்டும். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்க, வலை எடுக்க, ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட என்று வைத்திருக்கும் பணத்தைப் பங்கில் போட்டால், அந்த மாதம் சந்தை எந்த விலை கொடுக்கிறதோ அந்த விலைக்கு விற்றே ஆக வேண்டும். நல்ல கம்பெனியின் பங்கை வைத்திருந்தும் நட்டப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அத்தனை பேரும் இப்படி அவசரத்துக்கு விற்றவர்கள்தான். நகையை அடகு வைத்து வாங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்து ஒரு நீள நோட்டு. ஒப்பிடப் போகும் ஒவ்வொரு கம்பெனிக்கும் கடைசி ஆண்டறிக்கைகள், குறைந்தது மூன்று வருட எண்கள் கிடைக்கிற அளவுக்கு. கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர்களுக்கான பகுதியில் இலவசமாகக் கிடைக்கும், என்எஸ்இ, பிஎஸ்இ பங்குச்சந்தைகளின் தளங்களிலும் இருக்கும். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். டெலிகிராமில் "நாளைக்கு ஏறும்" என்று செய்தி அனுப்புகிறவரிடம் செபி (பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு எண் கேளுங்கள், பதில் வராது.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. குடும்பத்தலைவர் துபாயிலோ சவூதியிலோ வேலை செய்தால், ஊரில் இருந்தபோது திறந்த சாதாரண டிமேட் கணக்கை அப்படியே வைத்து ஓட்டக் கூடாது. வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டதை வங்கிக்கும் புரோக்கருக்கும் சொல்லி, என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ என்கிற, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கோடு சேர்ந்த டிமேட்டாக மாற்ற வேண்டும். பங்கைத் தேடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பிறகு என்று தள்ளிப்போட்டால் விற்கும் நாளில்தான் சிக்கல் தெரியும்.

2. ஒரே தொழில் செய்பவர்களை மட்டும் பக்கத்தில் வையுங்கள்

விசைப்படகு வைத்திருப்பவரின் லாபத்தையும் கருவாட்டு வியாபாரியின் லாபத்தையும் வைத்து யார் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் கையிலும் மீன் இருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு தொழில். "கம்ப்யூட்டர் கம்பெனி" என்ற பெயரும் அப்படித்தான் பல தொழில்களை ஒன்றாகப் போட்டு மூடிவிடுகிறது.

டெல், ஹெச்பி கம்ப்யூட்டர் செய்து விற்கிறார்கள். ஜனவரி 2025-இல் முடிந்த ஆண்டில் டெல் விற்றது சுமார் 9,560 கோடி டாலருக்கு, மிஞ்சிய லாபம் 460 கோடி டாலர் அளவு. ஹெச்பி அக்டோபர் 2024-இல் முடிந்த ஆண்டில் 5,360 கோடிக்கு விற்று 280 கோடி மிச்சம் பிடித்தது. இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்து பக்கம்தான். ஆப்பிளும் கம்ப்யூட்டர் விற்கிறது, ஆனால் அது பெரும்பாலும் ஐபோன் கம்பெனி, அதோடு சேவைகளிலிருந்தும் பெரிய வருமானம் வருகிறது, செப்டம்பர் 2024-இல் முடிந்த ஆண்டில் அதற்கு நூற்றுக்கு 24 நின்றது. இதைப் பார்த்து டெல் மோசம் என்று முடிவு கட்டினால் தப்பு. டெல்லை ஹெச்பியோடு வையுங்கள். ஆண்டு முடியும் மாதம் மூன்றுக்கும் மூன்று விதமாக இருப்பதையும் கவனியுங்கள், இல்லாவிட்டால் ஒருவரின் தீபாவளி வியாபாரத்தை இன்னொருவரின் ஆடி மாத வியாபாரத்தோடு ஒப்பிட்ட கதையாகிவிடும்.

டிசிஎஸ், இன்ஃபோசிஸ், ஹெச்சிஎல் டெக், விப்ரோ நான்கும் வேறு வகை. அவர்கள் மென்பொருள் வேலை செய்துகொடுத்து, பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களிடம் கூலி வாங்குகிறார்கள். நான்கு பேருக்கும் கணக்கு மார்ச்சில் முடிகிறது, ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் பிடிக்கிறார். உண்மையான போட்டியாளர்கள் இவர்கள்தான், மீதிப் படிகளுக்கு இந்த நால்வரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

3. ஒரே பக்கத்தில் மூன்று வருடம் எழுதுங்கள்

கையால் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரையில் நாலு தாவலைத் திறந்து மாறி மாறிப் பார்த்தால் மூளை கடைசியாகப் பார்த்ததை மட்டும்தான் வைத்துக்கொள்கிறது. ஒரே பக்கத்தில் எழுதினால் கண் தானாகவே குறுக்கே ஓடி ஒப்பிடும்.

என் நோட்டில் 2023, 2024, 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டுகளுக்கு இப்படி இருக்கிறது, எல்லாம் கோடி ரூபாயில்:

டிசிஎஸ்: வருவாய் 2,25,458, பிறகு 2,40,893, பிறகு 2,55,324. நிகர லாபம் 42,147, 45,908, 48,553.

இன்ஃபோசிஸ்: வருவாய் 1,46,767, 1,53,670, 1,62,990. நிகர லாபம் 24,095, 26,233, 26,713.

ஹெச்சிஎல் டெக்: வருவாய் 1,01,456, 1,09,913, 1,17,055. நிகர லாபம் 14,851, 15,702, 17,390.

விப்ரோ: வருவாய் 90,488, 89,760, 89,088. நிகர லாபம் 11,350, 11,045, 13,135.

நீங்கள் செய்யும்போது புதிய ஆண்டு வந்திருந்தால் அதைச் சேர்த்துப் பழையதில் ஒன்றை விடுங்கள்.

புதியவர்கள் இந்த இடத்தில் இரண்டு தப்பு செய்கிறார்கள், இரண்டையும் நானே ஒவ்வொரு தடைக்காலமும் திருத்துகிறேன். ஆண்டறிக்கையில் ஸ்டாண்டலோன் என்றும் கன்சாலிடேட்டட் என்றும் இரண்டு கணக்கு இருக்கும். முதலாவது தாய்க் கம்பெனி மட்டும், இரண்டாவது அதன் துணை நிறுவனங்களையும் சேர்த்தது. நான்குக்கும் கன்சாலிடேட்டட்தான் எடுக்க வேண்டும், ஒன்றுக்கு இதையும் ஒன்றுக்கு அதையும் எடுத்தால் பக்கமே பொய்யாகிவிடும். இரண்டாவது, விப்ரோ தன் கணக்கை மில்லியனில் போடுகிறது, டிசிஎஸ் கோடியில் போடுகிறது. பத்து மில்லியன் ஒரு கோடி. போன வருடம் எங்கள் பக்கத்து வீட்டு மதினி, விப்ரோ டிசிஎஸ்ஸைவிட மூணு மடங்குக்கு மேல் பெரிய கம்பெனி என்று நோட்டில் அழுத்தி எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டுக்கொண்டு வந்தார். வலது பக்கத்தில் ஓர் இலக்கத்தை அடித்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. அன்றைக்கு வாங்கியிருந்தால்?

4. வளர்ச்சியில் டாலரின் பங்கைப் பிரித்தெடுங்கள்

இறால் விலை ஏறினால் அதே எடை இறாலுக்குக் கூடக் காசு வரும். மீன்பாடு கூடியதாக அதற்கு அர்த்தமில்லை. இந்தக் கம்பெனிகளுக்குக் கூலி பெரும்பாலும் டாலரில் வருவதால், ரூபாய் மதிப்பு இறங்கினால் வேலை கூடாமலேயே ரூபாய்க் கணக்கில் வருவாய் கூடிக் காட்டும்.

அதற்காகத்தான் அறிக்கையில் கான்ஸ்டன்ட் கரன்சி வளர்ச்சி என்று ஒன்று தனியாகப் போட்டிருப்பார்கள், நாணய மாற்றம் நடக்காமலிருந்தால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்ற கணக்கு அது. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் டிசிஎஸ் ரூபாயில் 6 சதவீதம் வளர்ந்தது, கான்ஸ்டன்ட் கரன்சியில் 4.2. இன்ஃபோசிஸ் ரூபாயில் 6.1, மற்றதில் அதுவும் 4.2. அதாவது உண்மையான வேலையில் இரண்டு பேரும் ஒரே வேகத்தில்தான் போயிருக்கிறார்கள்.

வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். டிசிஎஸ்ஸுக்கு அந்த ஆண்டு பிஎஸ்என்எல் 4ஜி வேலை கை கொடுத்தது. அது முடிந்த பிறகு அந்த இடத்தை எது நிரப்பும் என்பதுதான் அடுத்த கேள்வி. அப்புறம், இன்ஃபோசிஸும் ஹெச்சிஎல் டெக்கும் முழு ஆண்டுக்கு எவ்வளவு வளர்வோம் என்று முன்கூட்டியே சொல்வார்கள், விப்ரோ அடுத்த காலாண்டுக்கு மட்டும் சொல்லும், டிசிஎஸ் அந்த மாதிரி எண் எதையும் கொடுப்பதில்லை. சொன்னதை எத்தனை முறை செய்து காட்டினார்கள் என்று பழைய அறிக்கைகளோடு ஒத்துப் பாருங்கள். நிர்வாகத்தைப் பற்றி இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

5. நூறு ரூபாய்க்கு எவ்வளவு மிஞ்சுகிறது

படகில் பங்கு பிரிக்கும்போது என்ன செய்கிறோம்? மீன் விற்ற மொத்தக் காசைப் பார்த்து யாரும் சந்தோஷப்படுவதில்லை. டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்துவிட்டு நிற்பதைத்தான் முதலாளிக்கும் ஆட்களுக்கும் பிரிக்கிறோம். இரண்டு லட்சத்துக்கு மீன் விற்ற படகைவிட ஒன்றரை லட்சத்துக்கு விற்ற படகில் பங்கு கூட விழுந்த நாட்கள் உண்டு. கம்பெனிப் பங்கும் இதே பங்குதான்.

நிகர லாபத்தை வருவாயால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 2025 மார்ச் எண்களில் டிசிஎஸ்ஸுக்கு 19, இன்ஃபோசிஸுக்கு 16.4, ஹெச்சிஎல் டெக்குக்கு 14.9, விப்ரோவுக்கு 14.7. வட்டி, வரி, இதர வருமானம் எல்லாம் கலக்காமல் தொழிலை மட்டும் பார்க்க ஆபரேட்டிங் மார்ஜினையும் (நூறு ரூபாய் வருவாயில் தொழிலில் மட்டும் நிற்கும் லாபம்) பக்கத்தில் எழுதுங்கள், அந்த ஆண்டு டிசிஎஸ்ஸுக்கு அது 24.3, இன்ஃபோசிஸுக்கு 21.1.

இப்போது விப்ரோவின் வரிசையை மறுபடி பாருங்கள். விற்பனை இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, லாபம் மட்டும் கடைசி ஆண்டில் கிட்டத்தட்ட 19 சதவீதம் ஏறியிருக்கிறது. செலவை இறுக்கினால் இப்படி வரும். அது நிர்வாகத்தின் திறமைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டீசலை மிச்சம் பிடிப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதற்கு மேல் மீன்பாடு கூடினால்தான் பங்கு கூடும். லாபத்தை மட்டும் பார்த்தவர் இந்த நால்வரில் விப்ரோதான் வேகமாக ஓடுகிறது என்று நினைப்பார், வருவாயை மட்டும் பார்த்தவர் அது கதையிலேயே இல்லை என்று நினைப்பார். இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்குத்தான் அதை ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

ஒரு முறை மட்டும் வரும் செலவையும் வரவையும் தனியே வட்டம் போட்டு வையுங்கள். 2023 டிசம்பர் காலாண்டில் டிசிஎஸ் ஓர் அமெரிக்க வழக்குக்காக 958 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது ஒவ்வொரு வருடமும் வருகிற செலவு இல்லை, அதைக் கழித்து லாபம் குறைந்துவிட்டது என்று பயப்படக் கூடாது.

6. காசு கைக்கு வந்ததா

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படியை விளக்கவே தேவையில்லை. நண்டை எடைபோட்டுக் கொடுத்தாயிற்று, கம்பெனிக்காரர் சீட்டும் கொடுத்துவிட்டார், நோட்டில் வரவு என்று எழுதியும் ஆயிற்று, காசு மட்டும் மூன்று மாதமாக வரவில்லை. கணக்குப்படி லாபம், கையில் அடுத்த தங்கலுக்கு டீசல் போடக் காசில்லை.

ஆண்டறிக்கையில் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் என்ற பக்கத்தில் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் என்று ஒரு வரி இருக்கும். அதை நிகர லாபத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. வருடா வருடம் லாபம் கூடிக்கொண்டே போய் ரொக்கம் மட்டும் பின்தங்கினால், வாடிக்கையாளர் பாக்கி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தேடுங்கள். இந்த நான்கு பெரிய கம்பெனிகளில் இது பொதுவாகப் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை, கடனும் குறைவு. ஆனால் "அடுத்த இன்ஃபோசிஸ்" என்று யாராவது ஒரு சின்னக் கம்பெனியைக் கொண்டுவந்தால், மற்ற எல்லாப் படிக்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

வட்டி விஷயத்தில் இஸ்லாமிய மார்க்கப்படி நடக்க வேண்டும் என்பவர்களுக்கு என்எஸ்இ தரப்பில் ஷரியா குறியீடுகள், அதாவது ஷரியாவுக்கு ஒத்துவரும் கம்பெனிகளின் பட்டியல்கள், தனியாகவே இருக்கின்றன. அதில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. யார் கையில் இருக்கிறது, யாரை வைத்து ஓடுகிறது

டிசிஎஸ்ஸிலும் விப்ரோவிலும் 70 சதவீதத்துக்கு மேல் பங்குகள் நிறுவனர் தரப்பிடம், ஹெச்சிஎல் டெக்கில் 60 சதவீத அளவு, இன்ஃபோசிஸில் 15-க்கும் கீழே. குறைவு என்பதால் மோசம் என்றில்லை. அங்கே மீதியைப் பெரிய நிதி நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. நிறுவனர் தன் பங்கை அடகு வைத்திருக்கிறாரா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

ஆட்கள் விட்டுப்போகும் விகிதத்தை, அட்ரிஷன் என்று போட்டிருப்பார்கள், அதையும் எழுதுங்கள். இவர்களிடம் இயந்திரமோ சரக்கோ கிடையாது, ஆட்களின் உழைப்பைத்தான் விற்கிறார்கள். 2022 ஜூனில் இன்ஃபோசிஸில் இது 28.4 சதவீதத்துக்குப் போனது. போனவர் இடத்துக்குக் கூடச் சம்பளம் கொடுத்து ஆள் எடுக்க வேண்டும், பழக்க வேண்டும், அதுவரை லாப விகிதம் தாங்காது.

8. இப்போது விலை

ஆப்பைத் திறங்கள். பங்கு விலையை, ஒரு பங்குக்குக் கிடைத்த லாபத்தால் வகுங்கள். வருவதுதான் பிஇ விகிதம், ஒரு ரூபாய் லாபத்துக்கு எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

2025 மார்ச் ஆண்டில் பங்கு ஒன்றுக்கு டிசிஎஸ்ஸின் லாபம் சுமார் 134 ரூபாய், இன்ஃபோசிஸுக்கு 64, விப்ரோவுக்கு 12.50. கணக்குக்காக மட்டும் டிசிஎஸ் 3,200, இன்ஃபோசிஸ் 1,500, விப்ரோ 250 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் சுமார் 24, 23.4, 20. மூவாயிரத்துக்கும் இருநூற்றைம்பதுக்கும் இருந்த மலை போன்ற வித்தியாசம் எங்கே போனது? விப்ரோ பங்கு எண்ணிக்கையில் ஆயிரம் கோடியைத் தாண்டும், டிசிஎஸ் 362 கோடி அளவுதான். மீனை எத்தனை துண்டாக வெட்டினார்கள் என்பதைப் பொறுத்துத் துண்டின் விலை மாறுகிறது, அவ்வளவே. "250 ரூபாதானே" என்று கேட்கும் எல்லோருக்கும் நான் இந்த வகுத்தலைத்தான் அவர்கள் கையாலேயே செய்ய வைக்கிறேன்.

20 பிஇ உள்ளது 24-ஐவிட நல்லது என்றும் உடனே முடிவெடுக்காதீர்கள். நாலாவது, ஐந்தாவது படியில் எழுதியதைத் திருப்பிப் பாருங்கள். வருவாய் வளராத கம்பெனிக்குச் சந்தை குறைவாகத்தான் கொடுக்கும். அந்தத் தள்ளுபடி நியாயமா, கூடுதலா என்பதுதான் நீங்கள் எடுக்க வேண்டிய தீர்மானம். அதே கம்பெனி கடந்த ஐந்து வருடத்தில் எந்த பிஇ-யில் விற்றது என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தெளிவு வரும்.

கம்பெனி காசு வாங்காமல் கூடுதல் பங்கு கொடுக்கும் போனஸ் நாளில் குழம்பாதீர்கள். ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் பங்கு இரட்டிக்கும், விலை பாதியாகும். 2018-இல் டிசிஎஸ்ஸும் இன்ஃபோசிஸும், 2024 டிசம்பரில் விப்ரோவும் அப்படிக் கொடுத்தன. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஏலக்கடை அண்ணன் ஒருவர் முகம் வெளுத்து வந்து, முந்தின நாள் தன்னிடம் இருந்ததில் பாதி காணோம் என்று போனை நீட்டினார். கூடுதல் பங்கு கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை ஆப் பாதி நட்டம் என்று காட்டும். மிச்சத்தையாவது காப்பாற்ற விற்றுவிடுகிறேன் என்று நின்றவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது.

கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் டிசிஎஸ் பங்குக்கு 126 ரூபாய் கொடுத்தது, அதில் 66 ரூபாய் ஒரு முறைக்கான சிறப்பு டிவிடெண்ட். 126-ஐ வைத்து வருடா வருடம் இவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். 60-ஐ வைத்துப் போடுங்கள்.

9. எவ்வளவு வாங்குவது

நாலையும் வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. பாம்பன்காரர்களுக்குத் தெரியும், வாடைக் காற்றில் வடகடல் கொந்தளித்தால் தென்கடலில் தொழில் பார்க்கலாம், ஆனால் நாலு படகையும் வடகடலிலேயே விட்டிருந்தால் நாலும் சேர்ந்துதான் கரையில் நிற்கும். இந்த நான்கு கம்பெனிக்கும் கடல் ஒன்றுதான். அமெரிக்க வங்கிகள் செலவைக் குறைத்தால் நான்கும் சேர்ந்து இறங்கும். ஆகவே நால்வரில் ஒருவரையோ இருவரையோ எடுங்கள், மொத்தச் சேமிப்பில் ஒரு சின்னப் பகுதிக்கு மேல் இந்தத் துறைக்குக் கொடுக்காதீர்கள்.

டெல், ஹெச்பி, ஆப்பிள் மாதிரி அமெரிக்கப் பங்குகளை வாங்க விரும்பினால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். டிவிடெண்டில் 25 சதவீதத்தை அமெரிக்காவே பிடித்துக்கொண்டுதான் தரும். சின்னத் தொகைக்கு அனுப்பும் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும் என்பதால் முதல் வருடத்தில் நான் யாருக்கும் இதைச் சொல்வதில்லை.

மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் போடாமல் மூன்று நாலு தவணையாகப் பிரியுங்கள், காலாண்டு முடிவுகள் வந்த பிறகு ஒவ்வொரு தவணை. புது எண்ணைப் பார்த்துவிட்டுப் போட அது வாய்ப்புக் கொடுக்கிறது.

வாங்கும் நாளில் நோட்டின் அதே பக்கத்தில் கீழே ஏன் வாங்கினேன் என்று இரண்டு வரி எழுதித் தேதி போடுங்கள். "வளர்ச்சி நாலு சதவீதத்துக்குக் குறையவில்லை, மார்ஜின் 20-க்கு மேல் நிற்கிறது, பிஇ 23" என்கிற மாதிரி எண்ணோடு இருக்கட்டும்.

10. வாங்கிய பிறகு

வருடத்தில் நாலு நாள் பார்த்தால் போதும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் முடிவுகள் வரும், பெரும்பாலும் டிசிஎஸ் முந்திக்கொள்ளும். இந்தக் காலாண்டைப் போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள், முந்தின காலாண்டோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். ஹெச்சிஎல் டெக்குக்கு மென்பொருள் விற்பனையால் டிசம்பர் காலாண்டு எப்போதும் கனமாக இருக்கும், மார்ச்சில் அது இறங்குவது வழக்கம். ஜூன் கடைசியில் கிடைத்த மீன்பாட்டை டிசம்பர் மழையில் எதிர்பார்க்க மாட்டோம் இல்லையா.

விற்பதற்கு நோட்டில் எழுதிய இரண்டு வரிதான் அளவுகோல். அந்தக் காரணம் இரண்டு மூன்று காலாண்டாகத் தொடர்ந்து உடைந்திருந்தால் விற்கலாம். விலை இறங்கியது மட்டும் காரணமாகாது.

விற்கும் முன் நாளை எண்ணுங்கள். வாங்கி ஒரு வருடம் தாண்டினால், ஒரு நிதியாண்டில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5 சதவீத வரி. ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம். டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். பதினோரு மாதம் இருபத்தைந்து நாள் ஆன பங்கை அவசரப்பட்டு விற்றுவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும், ஒரு வாரம் பொறுத்திருந்தால் அவர் கட்டிய வரியில் ஒரு பைசாகூடக் கட்டியிருக்க வேண்டாம், ஏனென்றால் அவருடைய மொத்த லாபமே 40,000 ரூபாய்தான். அதனால் நோட்டில் வாங்கிய தேதிக்குப் பக்கத்திலேயே ஒரு வருடம் முடியும் தேதியையும் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.